அம்பு ஒட்டிய கார்

சந்தனம் எதையும் முதல் பார்வையில் நம்புகிறவள் அல்ல. அது அவளுடைய பிறவிக் குணம் என்று தெருவில் சொல்வார்கள். பாதிதான் குணம், மீதி வேலை. பனியன் கம்பெனியின் செக்கிங் பிரிவில் அவள் மேசையைத் தாண்டாமல் ஒரு பீஸும் பெட்டிக்குள் போகாது. ட்யூப்லைட்டுக்குக் கீழே பனியனை விரித்து, உள்ளே கையை விட்டு, கழுத்து, கக்கம், அடிமடிப்பு என்று தடவிக்கொண்டே போவாள். ஓட்டை, எண்ணெய்க் கறை, தையல் விட்ட இடம், ஊசி உடைந்து விழுந்த கோடு, எது கண்ணில் பட்டாலும் அதன் பக்கத்தில் ஒரு சின்னச் சிவப்பு அம்பு ஸ்டிக்கரை ஒட்டித் தனியே தள்ளிவிடுவாள். நல்ல பீஸைப் பார்த்துச் சந்தோஷப்படுவதற்காக யாரும் அவளை வேலைக்கு வைத்திருக்கவில்லை. குற்றம் கண்டுபிடிக்கத்தான் வைத்திருந்தார்கள். பகல் முழுக்க அப்படிப் பார்த்த கண், வீட்டுக்கு வந்ததும் வேறு கண்ணாக மாறிவிடாது.

பால்காரர் கேனைத் திறக்கும்போது எட்டிப் பார்ப்பாள். கேஸ் சிலிண்டர் வந்தால் ஆட்டிப் பார்ப்பாள். எதிர் வரிசையில் குடியிருக்கும் சகாயராஜ் காசு வாங்காமல் தன் புருஷனைத் தூக்கி உட்கார வைத்தபோதுகூட, இவனுக்கு இதில் என்ன ஆதாயம் என்றுதான் முதலில் யோசித்தாள்.

அவள் புருஷன் முனீஸ் துணி ரோல் ஏற்றும் டெம்போ ஓட்டியவர். கல்யாணமான கையோடு இருவரும் சங்கரன்கோவில் பக்கமிருந்து திருப்பூருக்கு வந்தவர்கள். ஆனி மாதத்தில் ஒரு நாள் டெம்போவை விட்டு இறங்கிய மனிதர் அப்படியே சக்கரத்தோடு சாய்ந்துவிட்டார். பக்கவாதம். வலது கையும் வலது காலும் போய்விட்டன, பேச்சு குழறியது. ஆஸ்பத்திரியிலிருந்து அனுப்பும்போது தெளிவாகச் சொன்னார்கள்: இந்த ஆறேழு மாதத்தில் பயிற்சி கொடுத்தால் கால் பெருமளவு திரும்பும், விட்டுவிட்டால் அந்த நிலையிலேயே இறுகிவிடும். சந்தனம் அழவில்லை. பயிற்சி எங்கே கொடுப்பார்கள் என்று கேட்டாள்.

ஆட்டோவில் போய்ப் பார்த்தாள். ஆட்டோவில் ஏற ஒரு காலைத் தூக்கிப் படியில் வைக்க வேண்டும், முனீஸால் அது ஆகாது. ஒருமுறை டிரைவர் அவசரப்படுத்தியதில் அவர் கம்பியில் மோதிக்கொண்டார். அன்று முடிவு செய்தாள். உடுமலைப்பேட்டைத் தேங்காய் வியாபாரி ஒருவரிடமிருந்து பழைய வெள்ளைக் கார் ஒன்றை வாங்கினாள். ஏறும் சீட்டு முழங்கால் உயரத்தில் இருக்கிறதா, கதவு முழுக்கத் திறக்கிறதா, இவைதான் அவள் முதலில் பார்த்தவை. மைலேஜைப் பற்றி ரெண்டாவதாகத்தான் கேட்டாள். ஐம்பதை நெருங்கும் வயதில் பெண்கள் டிரைவிங் பள்ளியில் சேர்ந்து லைசென்சும் எடுத்தாள். பக்கத்துச் சீட்டில் உட்கார்ந்து வரும் முனீஸுக்கு எந்த வார்த்தையும் சரியாக வராது. "கிளட்ச்" என்ற வார்த்தை மட்டும் தெருமுனை வரை கேட்கும்படி வரும்.

ஆளை வீல்சேரிலிருந்து காருக்கு மாற்றுவது தனிக் கலை. பலமுள்ள பக்கம் சீட்டை ஒட்டி வர வேண்டும். இடுப்பில் பட்டை கட்டி அந்தப் பட்டையைத்தான் பிடிக்க வேண்டும், வாதத்தில் விழுந்த கையைப் பிடித்து இழுத்தால் தோள் கழன்றுவிடும். ஒருவர் முன்னால் நின்று நோயாளியின் முழங்காலைத் தன் முழங்காலால் அணைக்க வேண்டும், இன்னொருவர் பின்னாலிருந்து இடுப்பைத் திருப்ப வேண்டும். முன்னால் நிற்பது சந்தனம். பின்னால் சகாயராஜ். தூத்துக்குடிப் பக்கத்துக்காரன், துணிக்குச் சாயம் ஏற்றும் டையிங்கில் நைட் ஷிப்ட். விடிந்து வீட்டுக்கு வந்ததும், படுப்பதற்கு முன்னால் வந்து நிற்பான். "அண்ணாச்சி, ரெடியா? ஒண்ணு, ரெண்டு…" என்பான். மூன்று என்று சொல்வதற்கு முன்பே முனீஸ் சீட்டில் இருப்பார். பழகிய கை என்றால் அவர் உடம்பு இறுகாது. புது ஆள் தொட்டால் கட்டை மாதிரி விறைத்துக்கொள்வார்.

கார் வந்தது, நிறுத்த இடம் இல்லை. வீட்டுக்காரம்மா ஞானாம்பாளிடம் தகரக் கொட்டகை போட்டுக்கொள்ளவா என்று கேட்டாள்.

"செட்டெல்லாம் ஆகாது கண்ணு. இன்னைக்கு நீ காருக்குப் போடுவே, நாளைக்கு அடுத்த ஊட்டுக்காரன் ஆட்டுக்குப் போடோணும்பான். காரு மழையில நனைஞ்சா கரைஞ்சா போயிரும்? ஓரமா நிறுத்திக்க, சாமி."

கரையாது. ஆனால் துரு பிடிக்கும், வயரில் தண்ணீர் இறங்கினால் ஸ்டார்ட் ஆகாது. ஸ்டார்ட் ஆகாத அன்று முனீஸின் பயிற்சி போச்சு. சந்தனம் தெருவை ஒரு பீஸ் மாதிரி இந்த முனையிலிருந்து அந்த முனை வரை பார்த்தாள். கீழ்க்கோடியில் சாக்கடை பொங்கும். பக்கத்துக் காம்பவுண்டின் தென்னை மட்டை போடும். டிரான்ஸ்பார்மருக்குக் கீழே நிறுத்தக் கூடாது. மேடாகவும் வெட்டவெளியாகவும் இருந்தது ஒரே இடம், சகாயராஜ் வீட்டு வாசல். அவன் மனைவி ரோஸ்மேரி ஜன்னலைத் திறந்தால் கார்தான் தெரியும். "நிறுத்திக்கோங்கக்கா, எங்களுக்கென்ன, கடலா தெரியப்போவுது?" என்றாள் அவள். இவ்வளவு சுலபமாக ஒத்துக்கொள்கிறார்களே என்று சந்தனத்துக்கு உறுத்தியது.

கடையில் வாங்கிய பிளாஸ்டிக் உறை புரட்டாசிக் காற்றில் கிழிந்து, காருக்கு மேலே கொடி மாதிரி பறந்தது. அவள் தானே ஒன்று தைக்க முடிவு செய்தாள். மேலே தார்ப்பாய், பெயின்ட் கீறாமல் இருக்க உள்ளே மெத்தென்ற துணி. ஏற்றுமதியில் கழித்த துணி விற்கும் கடைக்குப் போனாள். மெரூன் நிறத்தில் ஒரு ஃப்ளீஸ் ரோல், கன்றுக்குட்டிக் காது மாதிரி இருந்தது. கடைக்காரன் கண்முன்னாலேயே ரோலை முழுக்க உருட்டிப் பார்த்தாள். ஓட்டை இல்லை. கறை இல்லை. ஒரு ஊசிக்கோடு இல்லை.

"இவ்வளவு சுத்தமா இருக்கிற துணிய எதுக்குக் கழிச்சாங்க?" என்று கேட்டாள்.

"ஆர்டர் கேன்சலுங்க. உங்க அதிர்ஷ்டம், எடுத்துக்கோங்க."

அவள் இன்னொரு தடவை உருட்டினாள். குற்றம் எதுவும் அகப்படவில்லை. வாங்கிவிட்டாள்.

கம்பெனியில் வேலை முடிந்த பிறகு ஒரு டெய்லரைப் பிடித்து, தார்ப்பாயையும் ஃப்ளீஸையும் சேர்த்து நீளவாட்டில் பட்டை பட்டையாகத் தைத்து வாங்கினாள். ஓரங்களில் நாடா வைத்து, காற்று தூக்காமலிருக்க நான்கு மூலையிலும் அரைச் செங்கல் கட்டித் தொங்கவிட்டாள். தொழில் தெரிந்தவள் செய்த வேலை மாதிரிதான் இருந்தது. போகிறவர் வருகிறவர் எல்லாம் தொட்டுப் பார்த்தார்கள். தொட்டவர்களை எல்லாம் அவள் முறைத்தாள்.

ஐப்பசியில் காற்றும் மழையும் சேர்ந்துகொண்டன. அப்போதுதான் அவள் அதைக் கவனித்தாள். ராத்திரி அவள் கட்டிய முடிச்சு காலையில் இருப்பதில்லை. அவள் போடுவது கம்பெனியில் பண்டல் கட்டும் முடிச்சு, இரண்டு சுற்றுச் சுற்றி உள்ளே செருகுவது. காலையில் பார்த்தால் வேறு யாரோ போட்ட முடிச்சு. செங்கல் தொங்காமல் தரையில் கிடக்கும், நாடா சக்கரத்தில் சுற்றியிருக்கும். கதவில் புதுக் கீறல் வேறு. புதுசுதானா? அதுவும் நிச்சயமாகத் தெரியவில்லை.

மறுநாள் கம்பெனியிலிருந்து ஒரு தாள் அம்பு ஸ்டிக்கரைக் கொண்டுவந்து, காரில் இருந்த ஒவ்வொரு கீறலுக்கும் ஒவ்வொரு அம்பு ஒட்டினாள். இனி அம்பு இல்லாத கீறல் எது கண்டாலும் அது புதுசு.

ஞானாம்பாள் கோயிலுக்குப் போகும் வழியில் நின்று பார்த்தாள். "ஏங் கண்ணு, உன்ற காருக்கு அம்மை போட்டிருக்குதா? வேப்பந்தழை சொருகோணுமா?"

"எது பழைய கீறல், எது புதுசுன்னு தெரிய வேண்டாங்களாம்மா?"

"கீறலு கண்ணுக்கே தெரியல. உன்ற ஒட்டுதான் ஊருக்கே தெரியுது, போ."

ரெண்டே நாளில் அம்பு இல்லாத கீறல் ஒன்று வந்தது. இடதுபக்கக் கதவில், கை நீளத்துக்கு. சந்தனம் கண்ணை மட்டும் திருப்பி எதிர்வீட்டு வாசலைப் பார்த்தாள். விடியற்காலையில் தெருவில் நடமாடுகிறவன் ஒருவன்தான். வாசலில் காரை நிறுத்தியது பிடிக்கவில்லையா? பிடிக்கவில்லை என்று வாயால் சொல்லாமல் கையால் சொல்கிறானா? அல்லது காரைத் திறந்து உள்ளே எதையாவது தேடுகிறானா?

அன்று காலை முனீஸைத் தூக்க வந்த சகாயராஜ், "யக்கா, ராத்திரி அடிச்ச காத்துல உங்க செங்கல்…" என்று ஆரம்பித்தான்.

"ராத்திரி நீ டூட்டிலதான இருந்த? இங்க காத்து அடிச்சது உனக்கு எப்படித் தெரியும்?"

"டையிங்ல மட்டும் காத்து வேற தெசையிலயா அடிக்கும்?"

"அடிச்சா அடிச்சுட்டுப் போவுது. காரு என் பொறுப்பு, நான் பாத்துக்கிடுதேன்."

அவன் முனீஸின் பக்கம் திரும்பிக்கொண்டான். சொல்ல வந்ததை அதற்குப் பிறகு சொல்லவே இல்லை. பேச்சை மாற்றினான் என்று அவள் அதையும் மனதில் குறித்துக்கொண்டாள்.

கார்த்திகையில் வங்கக் கடலில் ஏதோ புயல் என்று டிவியில் சொன்னார்கள். இங்கே அதன் வால் பட்டதே போதுமாயிருந்தது. ஒரு பகலும் ஒரு இரவும் விடாமல் ஊற்றியது. மறுநாள் காலை பயிற்சிக்குப் போக வேண்டிய நாள். மழை தூறலாகக் குறைந்திருந்தது. முனீஸை வீல்சேரில் உட்கார வைத்துவிட்டு, சந்தனம் போய் உறையைத் தூக்கினாள்.

வெள்ளைக் காரின் மேலே ரத்தம் வழிந்தது மாதிரி சிவப்பு. பானெட்டில் கோடு கோடாக இறங்கி, கண்ணாடி ஓரத்தில் தேங்கி, கதவில் பரவி, சக்கரத்துக்குக் கீழே குட்டையாக நின்றது. விரலால் தொட்டாள். சாயம். சாயத்தைப் பற்றித் திருப்பூரில் யாருக்கும் பாடம் எடுக்க வேண்டியதில்லை.

அந்த நேரம் சகாயராஜ் தலையைத் துவட்டிக்கொண்டு வெளியே வந்தான்.

"கையக் காட்டு," என்றாள்.

"எதுக்குக்கா?"

"காட்டுலே!"

காட்டினான். நகக்கண் எல்லாம் சிவப்பு, உள்ளங்கை ரேகையிலும் சிவப்பு.

"இது என்னது?"

"டையிங்காரன் கை வேற எப்படி இருக்கும்? ஒருநாள் பச்சை, ஒருநாள் ஊதா."

"இன்னைக்கு மட்டும் ஏன் செவப்பு? என் காரும் ஏன் செவப்பு? உன் வாசல்ல நிறுத்துனது புடிக்கலன்னா மூஞ்சிக்கு நேரா சொல்ல வேண்டியதுதானே? மனுஷன் உசுருக்கு ஓட்டுற வண்டிலே இது!"

தெருவில் கதவுகள் திறந்தன. குடையோடு ஞானாம்பாளும் வந்து நின்றாள். ரோஸ்மேரி பாதி பின்னிய தலையோடு வெளியே ஓடிவந்தாள். "யக்கா, என்ன பேச்சு பேசுதீங்க? விடிய விடிய வேலை பாத்துட்டு வந்த மனுஷனப் பாத்து…"

"நீ இரு ரோசி," என்றான் சகாயராஜ். குரல் தடித்திருந்தது. "அண்ணாச்சிய மொதல்ல வண்டில ஏத்திடுவோம். மழை வருது. மத்தத அப்புறம் பேசிக்கிடலாம்."

"என் காரத் தொட்ட கையால அவரத் தொடாத," என்றாள் சந்தனம்.

அவன் துவட்டிய துண்டைத் தோளில் போட்டான். பிறகு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டான்.

அவள் தனியாகவே ஏற்றப் பார்த்தாள். பட்டையைப் பிடித்தாள், முழங்காலை அணைத்தாள், எழுப்பினாள். எழுந்தார். திருப்ப வேண்டிய இடத்தில் பின்னால் கை இல்லை. ஈரத் தரையில் அவருடைய நல்ல கால் வழுக்கியது. விழுகிறவரைத் தூக்கிப் பிடிக்க முயன்றால் இருவரும் விழுவார்கள் என்று அவளுக்குத் தெரியும். தன் தொடையைச் சரிவாக வைத்து, அவரை அதன்மேல் வழுக்கவிட்டு, மெதுவாகத் தரையில் உட்கார வைத்தாள். அடி படவில்லை. ஆனால் இருவரும் சிவப்புத் தண்ணீரில் உட்கார்ந்திருந்தார்கள், மேலே மழை பிடித்துக்கொண்டது.

வேலைக்குப் போய்க்கொண்டிருந்த இரண்டு வடநாட்டுப் பையன்கள் ஓடிவந்தார்கள். நல்ல மனசுதான். ஆனால் ஆளுக்கொரு கையைப் பிடித்து இழுத்தார்கள்.

"ஹாத் நை! கமர்! கமர் புடி!" என்று கத்தினாள். கை வேண்டாம், இடுப்பைப் பிடி என்பதற்குள் ஒருவன் விழுந்த கையை இழுத்துவிட்டான். முனீஸ் அலறிய அலறல் சாத்திய கதவுக்குப் பின்னாலும் கேட்டிருக்கும். கதவு திறக்கவில்லை. அவரை வீட்டுக்குள் கொண்டுபோய்க் கட்டிலில் கிடத்தினார்கள். சாயங்காலத்துக்குள் தோள் வீங்கிவிட்டது.

பயிற்சி கொடுக்கும் ஆஷாவிடம் போனில் சொன்னாள். ஆஷா திட்டுகிற ரகம். "தோளுக்கு ஐஸ் வைங்க, தலகாணி குடுத்துத் தூக்கி வைங்க. ஆனா காலை விடாதீங்கக்கா. இப்பத்தான் குதிகால ஊன ஆரம்பிச்சாரு. இந்த நேரத்துல நிறுத்தினா பாதம் தொங்கிப்போகும், அப்புறம் நானே நெனச்சாலும் நிமித்த முடியாது. வழக்கமாத் தூக்குற அந்த ஆளு எங்க போனாரு?"

"அவன் சரியில்ல."

"எனக்கு அவர் சரியா தூக்குறாரா இல்லையாங்கிறதுதான் வேணும்," என்று ஆஷா போனை வைத்துவிட்டாள்.

அடுத்த முறைக்குக் கம்பெனி வேன் டிரைவரைக் கூட்டிவந்தாள். அவன் தொட்டதும் முனீஸ் விறைத்துக்கொண்டார். காருக்குள் பாதி போன உடம்பை மறுபடி வெளியே எடுக்க வேண்டியதாயிற்று. அந்த முறையும் போச்சு. ராத்திரி அவர் பாதத்தைக் கையில் பிடித்து மேலே அழுத்திப் பார்த்தாள். முன்பு வளைந்த அளவு வளையவில்லை. அவள் பயந்தாள். அவளுக்குப் பயம் வந்தால் அது கோபமாகத்தான் வெளியே போகும். சகாயராஜின் மேல் போயிற்று. அவன் குற்றத்தை நிரூபித்து, ஞானாம்பாளிடம் சொல்லி, வீட்டைக் காலி பண்ண வைக்க வேண்டும். பிறகு அந்த வீட்டுக்கு நல்ல ஆள் ஒருவரைக் குடிவைத்து, முனீஸுக்குப் பழக்க வேண்டும். எல்லாவற்றுக்கும் மாதக்கணக்கில் ஆகும் என்பதை அவள் யோசிக்கவில்லை.

காரின் கறையில் வெள்ளைத் துணி ஒன்றை ஒற்றி எடுத்தாள். எங்கே சாயம் ஊற்றினான் என்று காட்டுவதற்காக உறையின் ஓரத்திலிருந்தும் ஒரு துண்டு வெட்டினாள். சகாயராஜ் வேலை செய்யும் டையிங்கிலிருந்து அந்த வாரம் அவர்கள் கம்பெனிக்கே சிவப்பு ரோல்கள் வந்திருந்தன, அதிலும் ஒரு துண்டு எடுத்துக்கொண்டாள். மூன்றையும் மடித்துக்கொண்டு நேராகக் குவாலிட்டி பார்க்கும் மதுமதியிடம் போனாள். அங்கே நிறம் ஒப்பிடுவதற்கென்று ஒரு லைட் பெட்டி உண்டு. ஒரு வெளிச்சத்தில் ஒன்றுபோல் தெரியும் இரண்டு நிறங்கள் இன்னொரு வெளிச்சத்தில் வேறாகிவிடும், எந்த வெளிச்சத்திலும் பிரியாதது மட்டுமே ஒரே சாயம்.

"கறையையும் இந்த ரோல் துண்டையும் வெச்சுப் பாரு," என்றாள். இரண்டும் ஒன்று என்று மதுமதி சொல்லப்போகிறாள், அதைப் போனில் படம் எடுத்துக்கொள்ள வேண்டும்.

முதல் வெளிச்சத்தில் நெருங்கித்தான் இருந்தன. இரண்டாவதைப் போட்டதும் டையிங் துண்டு ஆரஞ்சாகப் பிரிந்துபோனது. கறை கறுத்து நின்றது.

"இது அந்த ரெட் இல்லீங்கக்கா. அந்த இன்னொரு துணியக் குடுங்க."

"அது என் கார் உறை. அதுல என்ன பாக்கப்போற?"

மதுமதி அதற்குள் அதை உள்ளே வைத்துவிட்டாள். முதல் வெளிச்சம். இரண்டாவது. மூன்றாவது. கறையும் உறையும் ஒட்டிப் பிறந்தவை மாதிரி ஒன்றாகவே மாறின, ஒன்றாகவே நின்றன.

 சந்தனம் மேசையில் இருந்த தண்ணீர் பாட்டிலைத் திறந்து, உறைத் துண்டின் மேல் கொஞ்சம் ஊற்றி, வெள்ளைத் துணியால் ஒரு தேய் தேய்த்தாள். வெள்ளை சிவப்பானது. இன்னொரு தேய். இன்னும் சிவப்பு.

"அய்யோ, சாயமே நிக்கல! இத எந்த வெளிநாட்டுப் பையர் எடுப்பான்? இதுக்குத்தான் கழிச்சிருப்பாங்க," என்றாள் மதுமதி. "ரோலைப் பாத்துத்தான வாங்குனீங்க?"

பார்த்துத்தான் வாங்கினாள். ரெண்டு தடவை. ஓட்டையையும் கறையையும் கோட்டையும் தேடினாள். துணியை ஒரு சொட்டுத் தண்ணீரில் நனைத்துப் பார்க்க அவளுக்குத் தோன்றவில்லை. செக்கிங் மேசைக்கு வருவதெல்லாம் காய்ந்த துணிதான்.

வீட்டுக்கு வந்ததும் உறையைக் காரின் மேல் பழையபடி விரித்து, தூக்கிப் பார்த்தாள். பானெட்டில் இறங்கிய சிவப்புக் கோடு ஒவ்வொன்றும் தார்ப்பாயின் ஒவ்வொரு தையலுக்கும் நேர் கீழே இருந்தது. ஊசி போட்ட துளைகள் வழியாக மழை இறங்கியிருக்கிறது. மழை இறங்காத தார்ப்பாயை அவளே சல்லடையாகத் தைத்து வைத்திருக்கிறாள்.

சரி, சாயம் என்னுடையது. அப்படியானால் முடிச்சு? அந்தக் கீறல்? சந்தேகம் அவ்வளவு எளிதாக அவளை விடவில்லை. அந்த ஒன்றைக் கையில் பிடித்துக்கொண்டுதான் எதிர்வீட்டுக் கதவைத் தட்டினாள்.

ரோஸ்மேரி கதவைத் திறந்தாள். வா என்று சொல்லவில்லை.

"சாயம் உங்க வீட்டுக்காரர் போட்டது இல்ல. என் துணியிலருந்து எறங்கினது," என்றாள் சந்தனம்.

"அது எங்களுக்குத் தெரியும்."

"முடிச்ச யாரு அவுத்தது?"

"அவருதான்!" ரோஸ்மேரி வெடித்தாள். "செங்கல்ல தொங்கவிட்டுட்டு நிம்மதியா தூங்குதீங்க. காத்து அடிச்சா அது ஊஞ்சல் மாதிரி ஆடி ஆடி டம்மு டம்முன்னு கதவுல மோதுது. எங்க ஜன்னலுக்கு நேராத்தான மோதுது, எனக்குத்தான தெரியும்? வேலைக்குப் போன மனுஷன் விடிய வந்து, மழையில நின்னு, செங்கல்ல எறக்கி வெச்சு நாடாவ சக்கரத்துல கட்டிட்டு வருவாரு. அன்னைக்கு உறை காத்துல பறக்கப் போச்சு. ரெண்டு கையாலயும் இழுத்துப் புடிச்சுக் கட்டுனாரு. அந்தச் செவப்புத்தான் கையில. நீங்க கையக் காட்டுன்னு கேட்டது அதைத்தான்."

"ஏன் சொல்லல?"

"சொல்ல விட்டீங்களா? வாயத் தொறந்தாரு, காத்து அடிச்சது உனக்கு எப்படித் தெரியும்னு கேட்டீங்க. அதுக்கு மேல சொன்னா, என் காரை எதுக்குத் தொட்டன்னு கேப்பீங்க. கேக்க மாட்டீங்களா?"

கேட்டிருப்பாள். சந்தனம் வாசலிலிருந்தே உள்ளே எட்டிப் பார்த்தாள்.

உள்ளே சகாயராஜ் எழுந்து உட்கார்ந்திருந்தான். அவனைப் பார்த்து, "நாளைக்கு அவருக்குப் பயிற்சி. பாதம் இறுக ஆரம்பிச்சிருச்சு. நீ வரணும்," என்றாள்.

அவன் பதில் சொல்வதற்கு முன்னால் ரோஸ்மேரி சொன்னாள்: "தெரு கேக்கத் திட்டுனீங்க. தெரு கேக்கச் சொல்லுங்க. அப்புறம் வருவாரு."

"ரோசி…"

"நீங்க சும்மா இருங்க. பஸ் ஸ்டாப்புல ஒருத்தி, காருக்குச் சாயம் ஊத்துனது உங்க வீட்டுக்காரராங்கிறா. வாடகை வாங்க வந்த வீட்டுக்காரம்மா என் மூஞ்சியப் பாக்கல. நான் எத்தனை பேருக்குப் போய்ச் சொல்லட்டும்?"

நியாயம்தான். நியாயத்துக்கு எதிராகப் பேசி நேரத்தை வீணாக்குவது சந்தனத்தின் வழக்கமில்லை. தெருக்குழாயில் தண்ணீர் வரும் நேரமாகப் பார்த்துப் போனாள். குடத்தோடு எல்லாரும் நின்றார்கள், ஞானாம்பாளும் இருந்தாள். சந்தனம் தன் குடத்தை இறக்கி வைத்தாள். "நான் சகாயராஜச் சொன்னது தப்பு. கார்ல இருந்த சாயம் என் உறையிலருந்து வந்தது. கீறலும் நான் கட்டின செங்கல் மோதினது. அந்தத் தம்பி ஒண்ணும் பண்ணல. நல்லது பண்ணினதுதான் உண்டு."

ஒருத்தி நிரம்பி வழிந்த குடத்தைக் குழாயிலிருந்து நகர்த்தினாள்.

"ஏனுங்கண்ணு," என்றாள் ஞானாம்பாள், "சாயமும் நீ, செங்கல்லும் நீ. அப்ப அத்தனை அம்பையும் உன்ற மேலயே ஒட்டிக்கோணுமாட்ட இருக்குதே?"

எல்லாரும் சிரித்தார்கள். சந்தனம் சிரிக்கவில்லை. குடத்தை எடுத்துக்கொண்டு வந்துவிட்டாள். மெரூன் உறையை அன்றே பிரித்து எறிந்தாள். சாயமே ஏற்றாத பழுப்புத் துணியைக் காரின் மேல் விரித்து, அதற்கு மேல் தையல் இல்லாத ஒரே தார்ப்பாயைப் போட்டு, நாடாக்களை நான்கு சக்கரத்திலும் கட்டினாள். காரைக் கழுவக் கழுவ மேலே இருந்த சிவப்பு போயிற்று. ரப்பர் ஓரத்திலும் கீறலுக்குள்ளும் இருந்தது போகவில்லை. வெள்ளைக் கார் லேசாக ரோஸ் அடித்தது.

மறுநாள் காலை சகாயராஜ் வந்தான். அவளிடம் பேசவில்லை. "அண்ணாச்சி, ரெடியா?" என்று மட்டும் கேட்டான். முனீஸின் உடம்பு தளர்ந்துகொடுத்தது. ஒன்று, ரெண்டு. சீட்டில் இருந்தார்.

"நானும் கூட வாரேன். திரும்ப எறக்கணும்ல, தோள் வேற வீங்கியிருக்கு," என்று பின்சீட்டில் ஏறிக்கொண்டான். தூக்கம் கெடுகிறது, எதற்கு வருகிறான் என்று ஒரு கேள்வி அவளுக்குள் எழத்தான் செய்தது. கேட்கவில்லை.

பயிற்சி நிலையத்து வாசலில் அவரை இறக்கி, வீல்சேரில் உள்ளே தள்ளிக்கொண்டு போனபோது வானம் இருட்டிக்கொண்டு வந்தது. ஆஷா அவர் பாதத்தைப் பிடித்துப் பார்த்து, சந்தனத்தை ஒரு பார்வை பார்த்தாள். இரண்டு கம்பிகளுக்கு நடுவே அவரை எழுப்பி நிறுத்தினார்கள். "இடுப்புப் பட்டைய நீங்க புடிங்கக்கா. விட்டுடாதீங்க. முழங்கால் மடங்கும்."

பிடித்தாள். அவர் நல்ல காலை எடுத்து வைத்தார். அப்போது மழை ஒரே கொட்டாகக் கொட்டியது. அந்தத் தெரு பள்ளம். வாசலில் நின்ற சகாயராஜ் எட்டிப் பார்த்துவிட்டு வந்தான்.

"யக்கா, ஓடைத் தண்ணி தெருவுக்கு ஏறுது. கார் சக்கரம் முங்குற மாதிரி இருக்கு. இஞ்சினுக்குள்ள போயிடும்."

பட்டையை விட்டால் முனீஸ் விழுவார். விடாவிட்டால் கார் மூழ்கும். ஆஷாவுக்கு இரண்டு கையும் அவருடைய பாதத்தில் இருந்தது.

சாவி சந்தனத்தின் இடுப்பில், முந்தானை முடிச்சில் இருந்தது. அதை அவள் இதுவரை யாரிடமும் கொடுத்ததில்லை. ஒரு கையால் பட்டையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, மறுகையால் முடிச்சை அவிழ்த்தாள்.

"ஓட்டத் தெரியுமா உனக்கு?"

"டையிங் லாரிய ரிவர்ஸ் எடுத்திருக்கேன்."

"லைசென்ஸ் இருக்கா?"

"யக்கா, தண்ணி ஏறுது."

"மேட்டுல, கோயில் பக்கம் நிறுத்து. மரத்துக்குக் கீழ வேண்டாம். கண்ணாடிய ஏத்து. பெட்ரோல் முள்ளு பாதிக்குக் கொஞ்சம் மேல நிக்கு, பாத்துத்தான் வெச்சிருக்கேன்."

சகாயராஜ் சாவியை வாங்கிக்கொண்டான். அவன் முகத்தில் வந்தது கோபமா சிரிப்பா என்று அவளால் சொல்ல முடியவில்லை. மழைக்குள் ஓடினான். கொஞ்ச நேரத்தில் இஞ்சின் உறுமியது.

"கிளட்ச்!" என்றார் முனீஸ்.

"அது அவன் பாடு. நீங்க கீழ பாருங்க," என்றாள் சந்தனம். "வலது கால். விரலை ஊனாதீங்க, குதிகால மொதல்ல வைங்க."

கார் சத்தம் தெருமுனை தாண்டிக் கேட்காமல் போனது. அவள் திரும்பிப் பார்க்கவில்லை. வலது கால் தரையை இழுத்துக்கொண்டு முன்னால் வந்து, ஒரு கணம் தடுமாறி, குதிகாலில் நின்றது.